பூட்டு முழுசா இருக்கட்டும்

அண்ணே, இந்தப் பக்கம். மேடை மேல ஏறி வாங்க, படி அந்த ஓரத்துல இருக்கு. கடைசிப் படிய மட்டும் மிதிக்காதீங்க, அது அட்டை. ஆங், அப்படித்தான். இங்க, கூண்டுக்குள்ள. நான்தான். பயப்படாதீங்க, தலையைக் கழட்டி வச்சுட்டேன், இதோ பக்கத்துல கிடக்கு பாருங்க. உடம்பு மட்டும்தான் இப்ப ஓநாய்.

ஆமா, பூட்டுதான் பிரச்சினை. போன்ல என்ன சொன்னாரு? ஓநாய் உள்ள மாட்டிக்கிச்சு, சீக்கிரம் வாங்கன்னா? அவரு அப்படித்தாண்ணே. அவருதான் எங்க நாடகத்துல முயல். ஐம்பதைத் தாண்டின ஆளு, முட்டிக்கு பெல்ட் போட்டுக்கிட்டுக் குதிக்கிறாரு. அதைக் கேட்டுட்டும் நீங்க கிளம்பி வந்தீங்களே, அதுவே பெரிசு. கையுறை வேற கொண்டு வந்திருக்கீங்க. கடிக்க மாட்டேன், கழட்டிடுங்க.

பையை வச்சுட்டு முதல்ல உட்காருங்க. அந்தப் பாறை மேல உட்காராதீங்க, உடைஞ்சிடும், தெர்மாகோல். இந்தப் பெட்டி நிஜம், இதுல உட்காரலாம். இந்த மேடையில எது நிஜம், எது பொய்னு தெரிஞ்சுக்கவே எனக்கு ஒரு வாரம் ஆச்சு. பூட்டு நிஜம். கூண்டும் நிஜம். நானும் ஓரளவுக்கு.

கொஞ்சம் மெதுவா பேசுங்கண்ணே. அப்புறம், திரும்பிப் பார்க்காதீங்க. கீழ, மூணாவது வரிசை ஓரத்துல ஒரு பொண்ணு உட்கார்ந்திருக்கு. பார்க்காதீங்கன்னு சொன்னா உடனே பார்க்கறீங்க. சரி, பார்த்துட்டீங்க, விடுங்க. காலை ஆட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்குல்ல, அதோட வலது கை மூடியிருக்கே, அதுக்குள்ளதான் சாவி.

சின்னப் பொண்ணுதான். தர மாட்டேங்குது.

மாத்துச் சாவியா? அதுக்கு அப்புறம் வருவோம்.

என்னது, ஒரு கம்பிய விட்டு ஒரே நிமிஷத்துல திறந்துடுவீங்களா? அய்யய்யோ, வேண்டாம்ணே. உங்க கைய நான் சந்தேகப்படல. வேண்டாம்னா வேண்டாம், காரணத்தைச் சொல்றேன். அவசரம் இல்லையான்னா, இருக்கு. வெளிய ஒரு வெள்ளை வேன் நிக்குதே, வரும்போது பார்த்திருப்பீங்க, அது எனக்காகத்தான் நிக்குது. துறைமுகத்துக்குப் போகணும். இன்னிக்குக் கிளம்புற கப்பல்ல எனக்கு வேலை.

இல்ல, எஞ்சின் வேலை எல்லாம் இல்ல. இதே வேலைதான். பெரிய கப்பல்ல குடும்பம் குடும்பமா ஊர் சுத்தப் போறாங்கல்ல, அவங்க குழந்தைங்களுக்கு நாடகம் போடணும். அடுத்த கோடை வரைக்கும். கரையில எனக்கு இந்தக் கோடையோட பொழப்பு முடிஞ்சுதுண்ணே. பள்ளிக்கூடம் திறந்துட்டா இந்த ஹாலுக்கு ஒரு குழந்தை வராது. கம்பெனிக்காரங்களுக்கு மீட்டிங் போட வாடகைக்கு விட்டுருவாங்க. மிச்ச மாசமெல்லாம் நான் பிறந்தநாள் விருந்துங்கள்ல பலூன் முறுக்கிக்கிட்டு இருந்தேன். போன தடவை ஒரு வீட்டுல ஒரு வாண்டு எல்லாரையும் கூப்பிட்டு, கோமாளி மாமா அழறாருன்னு காட்டுச்சு. அழல, வியர்வைதான். சொன்னா நம்பல. கேக்குல பெரிய துண்டா வெட்டிக் கொண்டு வந்து கொடுத்துச்சு.

அதனால கப்பல். போகாம இருக்க முடியாது, அதுல பேச்சே இல்ல. வேன் டிரைவர் அரை மணி நேரம் பார்க்கிறேன், அப்புறம் கிளம்பிடுவேன்னு சொல்லியிருக்காரு. மேனேஜர் அம்மா அவருக்கு ஜூஸ் வாங்கிக் கொடுத்து உட்கார வச்சிருக்காங்க. நமக்கு நேரம் இருக்கு. கதையைச் சொல்லிடுறேன், அப்பத்தான் உங்களுக்கு இந்தப் பூட்டு என்னன்னு புரியும்.

நாடகத்தோட கதை ரொம்பச் சின்னது. ஒரு ஓநாய், நான்தான், ஊர்ல இருக்கிற அத்தனை பேரோட தூக்கத்தையும் திருடி ஒரு சாக்குல கட்டி வச்சுக்குது. ஊர்ல ஒருத்தருக்கும் தூக்கம் இல்ல. கொட்டாவி விட்டே ஊரு கெட்டுப் போகுது. இந்த இடத்துல பாருங்க, ஹால்ல குழந்தைங்க எல்லாம் பயந்துபோய் உட்கார்ந்திருப்பாங்க, பின்னாடி தாத்தாமாருங்க நல்லாக் குறட்டை விட்டுக்கிட்டு இருப்பாங்க. ஏசி போட்ட ஹாலு, வெளிய அந்த வெயிலு, அவங்களைச் சொல்லிக் குத்தம் இல்ல. இந்த ஊர்ல லீவு விட்டா குழந்தையை எங்க கூட்டிட்டுப் போறதுன்னு தெரியாதவங்கதான் பாதிப் பேரு இங்க வராங்க. ரெண்டு பஸ் மாறி, தண்ணி பாட்டிலும் தொப்பியுமா வந்து இறங்குவாங்க. கரெக்டா ஓநாய் பாய்ற நேரத்துலதான் ஒண்ணுக்கு வருதுன்னு ஏதாவது ஒண்ணு எழுந்து நிக்கும். அதுக்காக ஒரு வரிசையே எழுந்து வழி விடும். நான் பாய்ஞ்சது பாய்ஞ்சபடி காத்துல நிக்கணும்.

ஆங், கதை. முயலும் ஆமையும் சேர்ந்து ஓநாயைப் பிடிச்சுக் கூண்டுல போட்டுடும். அப்ப ஓநாய் சொல்லும், காட்டுல தனியாப் படுத்தா எனக்குத் தூக்கமே வரல, அதான் உங்களுதை எடுத்தேன்னு. நல்ல இடம்ணே அது. நான் நல்லாவே பண்ணுவேன், நானே சொல்லிக்கக் கூடாது. உடனே முயல் முன்னாடி வந்து குழந்தைங்ககிட்ட கேட்பாரு, கூண்டைத் திறக்கலாமா, வேண்டாமா, நீங்கதான் சொல்லணும்னு. ஹாலே இடியுற மாதிரி கத்துவாங்க, திறங்க, திறங்கன்னு. கைதூக்குற குழந்தைங்கள்ல ஒண்ணை மேடைக்குக் கூப்பிட்டு, சாவியைக் கொடுத்து, திறக்கச் சொல்லுவாரு. ஓநாய் வெளிய வந்து, சாக்கைத் திருப்பிக் கொடுத்துட்டு, இதோ இந்த நடுப்பாதை வழியா நடந்து, தூரத்துக் காட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டு, பின் கதவு வழியா வெளிய போயிடும். எல்லாக் குழந்தைங்களும் திரும்பி நின்னு டாட்டா காட்டும். அம்மாமாருங்க கண்ணைத் துடைச்சுக்குவாங்க. நான் வெளிய போய் தலையைக் கழட்டி, ஒரு பாட்டில் தண்ணியைத் தலையில ஊத்திக்குவேன்.

வேண்டாம்னு சொன்னா என்னன்னு கேட்கறீங்களா? அதுக்கும் ஒரு முடிவு எழுதித்தான் வச்சிருந்தாங்க. ஒத்திகை பார்க்கல. எந்தக் குழந்தை வேண்டாம்னு சொல்லப் போகுதுன்னு விட்டுட்டோம். ரெண்டு முடிவு இருக்கிற நாடகம்னு வாசல்ல பெரிசா எழுதிப் போட்டிருக்கு, நீங்க வேணா போகும்போது பாருங்க. எங்களுக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான்.

இப்ப பூட்டு. முதல்ல பிளாஸ்டிக் பூட்டுதாண்ணே போட்டோம். முன் வரிசையில ஒரு பையன் எழுந்து, அது பொம்மைப் பூட்டு, இழுத்தா வந்துடும்னு கத்திட்டான். ஹால் முழுக்கச் சிரிப்பு. இழுத்தா நிஜமாவே வந்துடும், அது வேற விஷயம். நான் என்ன பண்ண? உள்ள இருந்து கதவை ரெண்டு கையால இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, ஐயோ மாட்டிக்கிட்டேனே, யாராவது திறந்து விடுங்களேன்னு அழுதேன். நானே பிடிச்சுக்கிட்டு நானே அழறேன். அந்தப் பையன் அதையும் கண்டுபிடிச்சுச் சொன்னான். அன்னிக்குச் சாயந்திரமே மேனேஜர் அம்மா கடைக்குப் போய் இந்தப் பூட்டை வாங்கிட்டு வந்துட்டாங்க. நல்ல கனம், பார்த்தீங்கல்ல? கூடவே ஒரு சட்டமும் போட்டாங்க. அதை அப்புறம் சொல்றேன்.

இன்னிக்குக் கடைசி ஷோ. ஹால் நிரம்பி வழியுது. மடியில எல்லாம் உட்கார வச்சிருக்காங்க. எல்லாம் ஒழுங்காத்தான் போச்சு. என்னைப் பிடிச்சாங்க, பூட்டினாங்க, தூக்கம் வரலன்னு சொன்னேன். கடைசித் தடவைன்னு கொஞ்சம் கூடுதலாவே சொன்னேன். முயல் முன்னாடி போய், திறக்கலாமான்னு கேட்டாரு. திறங்கன்னு சத்தம் கிளம்புது. அப்பத்தான் அந்தப் பொண்ணு சீட்டு மேல ஏறி நின்னுச்சு.

அது பேசாத பொண்ணுண்ணே. கோடை முழுக்கத் தினமும் அதே இடத்துல உட்கார்ந்து பார்க்கும். தினமுமான்னா, ஆமா, இங்க வேஷத்துக்குத் துணி தைக்கிற அம்மாவோட பொண்ணு அது. எங்க ஆளுங்க வீட்டுக் குழந்தைங்களுக்கு இங்க ஒரு கட்டுப்பாடு உண்டு. முடிவு அவங்களுக்குத் தெரியும்ல, அதனால கை தூக்கக்கூடாது, முன்கூட்டியே சிரிக்கக்கூடாது, பக்கத்துல இருக்கிற குழந்தைக்குச் சொல்லித் தரக்கூடாது. இந்தப் பொண்ணு அதை ஒரு நாள் மீறினது கிடையாது. பென்சில் டப்பாவை மடியில வச்சுக்கிட்டு, உதடு மட்டும் அசையும், எல்லா வசனமும் மனப்பாடம். நான் எங்கயாவது ஒரு வரி விட்டுட்டா முகம் சுருங்கும். எனக்கு டைரக்டரை விட அந்த மூணாவது வரிசைதான் பயம்.

அது இன்னிக்கு எழுந்து நின்னு, திறக்காதீங்கன்னு சொல்லிச்சு.

சத்தமாச் சொல்லல, ஆனா தெளிவா. முயலுக்குக் காதுல விழுந்தும் விழாத மாதிரி, என்ன குழந்தைங்களா, திறக்கலாமான்னு இன்னொரு தடவை கேட்டாரு. அது விடல. திறந்தா ஓநாய் காட்டுக்குப் போயிடும். தூரத்துக் காடு. அங்க போனா திரும்பி வராது. இங்கயே இருந்தா நாம தினமும் வந்து பார்க்கலாம். தூக்கம் வரலன்னா நாம பக்கத்துல இருக்கலாம்ல, சாப்பாடு நான் கொண்டு வரேன். இதுதான் சொன்னது. இதுல ஒரு வார்த்தை கூட தப்பு கண்டுபிடிக்க முடியுமாண்ணே, சொல்லுங்க? ஹால்ல அத்தனை குழந்தைங்களும் ஒரு நொடி யோசிச்சுதுங்க. முன்னாடி இருந்த ஒரு வாண்டு, ஆமா, ஏன் போகணும்னு கேட்டுச்சு. அவ்வளவுதான். இருக்கட்டும், இருக்கட்டும்னு ஆரம்பிச்சுட்டாங்க. ஒருத்தன் பிஸ்கட் தரேங்கறான். ஒருத்தி வாரம் ஒரு வீட்டுல வச்சுக்கலாங்கறா. அதுக்கு அவங்க அப்பா உடனே வேண்டாம்னு தலையாட்டுறாரு, அதுவும் எனக்குத் தெரியுது.

முயலைப் பார்க்கணுமே நீங்க. காது ரெண்டும் தொங்கிப் போச்சு. அது துணிக் காதுதான், ஆனா நிஜமாவே தொங்குச்சு. பேந்தப் பேந்த முழிக்கிறாரு. ஆமை ஓட்டுக்குள்ள தலையை இழுத்துக்கிச்சு, அதுக்கு மேல அந்தாள்கிட்ட எதையும் எதிர்பார்க்க முடியாது. கடைசியில முயல் சாவியை எடுத்து அந்தப் பொண்ணு கையில கொடுத்து, அப்படின்னா இனிமே நீதான் காவல், பத்திரமா வச்சுக்கோன்னு சொல்லிட்டாரு. வேற எந்த நாளா இருந்தாலும் பரவாயில்ல, அடுத்த ஷோவுக்கு முன்னாடி வாங்கிக்கலாம். அடுத்த ஷோ இல்லங்கறது மனுஷன் மண்டையில ஏறல.

பாட்டுப் போடுறவருக்கும் கையும் ஓடல, காலும் ஓடல. ஓநாய் கிளம்பிப் போற பாட்டைப் போட்டு விட்டுட்டாரு, அவருகிட்ட இருக்கிறது அது ஒண்ணுதான். பாட்டைக் கேட்டதும் குழந்தைங்க எல்லாம் எழுந்து டாட்டா காட்டுதுங்க. நான் எங்கயும் போகல. கூண்டுக்குள்ள நிக்கிறேன். என்ன பண்றதுன்னு தெரியாம நானும் கையாட்டினேன். அந்தப் பொண்ணு மட்டும் கையாட்டல.

அப்புறம் திரை விழுந்துச்சு, ஹால் காலியாச்சு, திரையைத் திரும்பத் தூக்கிட்டு ஏசியை நிறுத்திட்டாங்க. ஒரு அப்பா மட்டும் குழந்தையைக் கூட்டிட்டு வந்து கூண்டோட சேர்த்துப் போட்டோ எடுத்துக்கிட்டுப் போனாரு. இந்தப் பொண்ணு மட்டும் எழுந்திருக்கல. மேனேஜர் அம்மா வந்து கெஞ்சிப் பார்த்தாங்க. முயல் வந்து ஒத்தைக் கால்ல நின்னு பார்த்தாரு, முட்டி வலியோட. ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தாங்க. வாங்கிச்சு. இடது கையில பிடிச்சு, இடது பக்கமாவே நக்கி நக்கி முழுசாச் சாப்பிட்டுச்சு, சாவியைத் தரல. வலது பக்கம் சாப்பிடாது, அந்தப் பக்கம் பல்லு ஆடுது.

எப்படித் தெரியும்னா, பார்த்தா தெரியுதுல்ல. இங்க இருந்தே தெரியுதான்னா, எனக்குக் கண்ணு நல்லாத் தெரியும்ணே.

பிடுங்குறதா? பிடுங்கலாம். அந்த விரலைப் பிரிக்க எவ்வளவு நேரம் ஆகும்? நான்தான் வேண்டாம்னு சொல்லிட்டேன். யாராவது அந்தக் கையைத் தொட்டா நான் இந்தக் கூண்டோட எழுந்து வருவேன்னு சொன்னேன். ஓநாய் வேஷத்துல இருந்தா அப்படிப் பேச வருது. அதுக்கு அப்புறம்தான் முயல் உங்களுக்கு போன் போட்டாரு. நான்தான் போடச் சொன்னேன்.

அம்மாக்காரி வந்து வாங்கித் தரக் கூடாதான்னா? அவ உள்ள தையல் ரூம்ல பெட்டி கட்டிக்கிட்டு இருக்கா. யாரோட பெட்டின்னா... என்னோடதுதாண்ணே.

ஆமா. என் வீட்டுக்காரிதான். அது என் பொண்ணு.

இல்ல, மறைக்கணும்னு இல்ல. எடுத்ததுமே சொல்லியிருந்தா நீங்க ஐயோ பாவம்னு ஒரு முகம் வச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பீங்க. இப்ப வச்சுக்கிறீங்களே, இதே முகம். இது வேண்டாம்னுதான்.

கப்பல் விஷயத்தை அவகிட்ட போன வாரம்தான் சொன்னோம். சாப்பிட உட்கார்ந்திருக்கிறப்ப, சும்மா பேச்சோட பேச்சா. அழல. எப்ப வருவேன்னு கேட்டா, அடுத்த கோடைக்குன்னு சொன்னேன். ஓநாயும் கப்பல்ல வருமான்னு கேட்டா. இல்லடா, அது இங்கயேதான் பெட்டியில இருக்கும், அங்க எனக்கு வேற வேஷம்னேன். சரின்னு சொல்லிட்டு மிச்சத்தைச் சாப்பிட்டு முடிச்சா. பாத்திரத்தைக் கூட எடுத்துக் கழுவப் போட்டா. என்ன சமத்துப் பொண்ணுன்னு நாங்க ரெண்டு பேரும் பெருமைப்பட்டுக்கிட்டோம். யோசிச்சிருக்காண்ணே. ஒரு வாரம் உட்கார்ந்து யோசிச்சிருக்கா. அப்பா மட்டும்தான் கப்பலுக்குப் போறாரு, ஓநாய் போகல, அப்ப ஓநாயைப் பிடிச்சு வச்சுட்டா அப்பா எப்படிப் போவாருன்னு. எனக்கே அது தோணியிருக்காது.

அவ சீட்டு மேல ஏறி நின்னு, சாப்பாடு நான் கொண்டு வரேன்னு சொன்னா பாருங்க, அப்ப எனக்கு அழுகை வந்துடுச்சு. நல்லாவே அழுதேன். இந்தத் தலைக்குள்ள இருந்ததால ஒருத்தருக்கும் தெரியல. இவ்வளவு புழுக்கத்துல இதைச் சுமக்கிறதுக்கு அது ஒண்ணுதான் லாபம்.

சரி, நீங்க கேட்ட மாத்துச் சாவிக்கு வருவோம். இருக்குண்ணே. என்கிட்டதான் இருக்கு.

கத்தாதீங்க, மெதுவா. வால்ல இருக்கு. நுனியைப் பிடிச்சுப் பாருங்க, கம்பிக்கு வெளிய நீட்டுறேன். தெரியுதா, கெட்டியா ஒண்ணு? இதுதான் மேனேஜர் அம்மா போட்ட சட்டம். மேடையில யாரை வச்சுப் பூட்டினாலும் மாத்துச் சாவி உள்ள இருக்கிற ஆளுகிட்டதான் இருக்கணும். தீ கீ பிடிச்சா வெளிய இருக்கிறவன் முதல்ல ஓடிடுவான்ல, அதுக்காக. நியாயமான சட்டம்தான். ஓநாய்க்குப் பாக்கெட் கிடையாதுன்னு என் வீட்டுக்காரி வால் நுனியில ஒரு பை வச்சுத் தைச்சா. கோடை முழுக்க அந்தச் சாவியை இழுத்துக்கிட்டுதான் நடந்திருக்கேன். ஆமா, நீங்க வரதுக்கு முன்னாடியே திறந்து வெளிய வந்திருக்கலாம். முயலுக்கும் தெரியும், மேனேஜர் அம்மாவுக்கும் தெரியும். எனக்கு வேண்டித்தான் எல்லாரும் தெரியாத மாதிரி இருக்காங்க.

இவளுக்குத் தெரியுமான்னா, தெரியும்ணே. தைக்கிறப்ப பக்கத்துல உட்கார்ந்து ஊசிக்கு நூல் கோர்த்துக் கொடுத்ததே இவதான்.

அதான் எழுந்திருக்காம உட்கார்ந்திருக்கா. அவ கையில இருக்கிற சாவியை ஒருத்தரும் பிடுங்க மாட்டாங்கன்னு அவளுக்கு எப்பவோ தெரிஞ்சுபோச்சு. அவ பார்க்கிறது என் வாலை. நான் அதைத் தொடுறேனான்னு பார்த்துக்கிட்டு இருக்கா. ஷோ முடிஞ்சதுல இருந்து எனக்கு அந்த இடத்துல அரிப்பு எடுக்குது, சொறிஞ்சுக்கக் கூட முடியல.

நான் போகணும்ணே. போய்த்தான் ஆகணும். வேற வழி இருந்தா நான் உங்களைக் கூப்பிட்டிருக்கவே மாட்டேன், சட்டையைக் கழட்டிப் போட்டுட்டு இங்கயே படுத்திருப்பேன். ஆனா நானா திறந்துக்கிட்டுப் போகக் கூடாது. அவ பார்க்கிறப்ப என் கையால நான் திறந்துக்கக் கூடாது. யாரோ ஒருத்தர் வந்தாரு, முன்ன பின்ன தெரியாதவரு, பெரிய பையோட வந்தாரு, அறுத்துட்டாரு, அப்பாவால ஒண்ணும் பண்ண முடியல. அப்படி இருக்கணும். அதுக்குத்தான் நீங்க.

உங்களைக் கெட்டவனாக்கிடுறேன், தெரியுது. மன்னிச்சுக்கங்க. நானும் கோடை முழுக்கக் கெட்டவனாத்தான் இருந்தேன், அதுல ஒண்ணும் ஆயிடாது. கடைசியில எல்லாக் குழந்தைங்களும் டாட்டா காட்டும்.

கம்பி போட்டுத் திறக்கறது இப்ப ஏன் வேண்டாம்னு புரியுதுல்ல? நீங்க பாட்டுக்கு ஒரே நிமிஷத்துல க்ளிக்குனு திறந்துட்டா, இவ்வளவு சுலபமான்னு ஆயிடும். ரம்பம் போட்டு அறுங்க. மெஷின் வேண்டாம், பொறி பறந்தா இந்த ரோமம் பத்திக்கும், அப்புறம் அந்தச் சட்டம் தேவைப்பட்டுடும். கையாலயே, நேரமெடுத்து, நல்லாச் சத்தம் வர மாதிரி. அங்க இல்ல, அங்க இல்ல, பூட்டுல ரம்பத்தை வைக்காதீங்க. பூட்டுக்கு ஒண்ணும் ஆகக் கூடாது. அது மாட்டியிருக்கிற வளையம் இருக்குல்ல, கதவுல வெல்டிங் வச்சது, அதை மட்டும் அறுங்க. பூட்டு முழுசா இருக்கட்டும். அதுக்குச் சாவி அவகிட்ட இருக்கு. அடுத்த கோடைக்கு நான் வந்து நிக்கிறப்ப அவளுக்கு அது வேணும்.

ஹாரன் அடிக்கிறாரு. எனக்கும் கேட்டுச்சு. ஜூஸ் தீர்ந்துடுச்சு போல.

கடைசியா ஒண்ணுண்ணே. நீங்க அறுக்க ஆரம்பிச்சதும் நான் இந்தக் கதவைப் பிடிச்சுக்கிட்டு வேண்டாம், வேண்டாம்னு கத்துவேன். உள்பக்கம் இழுப்பேன். உங்க கையைக் கூடத் தட்டி விடுவேன். அதை எதையும் காதுல போட்டுக்காதீங்க. நிறுத்தவும் நிறுத்தாதீங்க. முகத்தைக் கொஞ்சம் கடுப்பா வச்சுக்கங்க. அவ்வளவு வேண்டாம், ஏதோ அவசர வேலையில இருக்கிற மாதிரி. ஆங், அது போதும். தலையை மாட்டிக்கிறேன், கொஞ்சம் இருங்க. சரி. ஆரம்பிங்க.

வேண்டாம்ணே! அறுக்காதீங்க! நான் இங்கயே இருக்கேன், நான் எங்கயும் போகல, விட்டுடுங்க!

என்னண்ணே, ஏன் நிறுத்திட்டீங்க? நான்தான் சொன்னேன்ல, அது அவளுக்குக் கேட்கணும்னு. நீங்க அறுங்க.